தேவை கற்றுக்கொடுத்த உலகம்

ஹைதராபாத்தின் சனத்நகர் சட்டமன்றத் தொகுதிக்குள்தான் அமீர்பேட் இருக்கிறது. மைத்ரிவனம் கட்டடத்தையும் ஆதித்யா என்கிளேவையும் சுற்றியுள்ள தெருக்களில் சுவர் கண்ணுக்குத் தெரியாது. தரைத்தளம் முதல் மொட்டைமாடி வரை கணினிப் பயிற்சி நிலையங்களின் பலகைகள்தான். கீழே பாடக்குறிப்புகளை நகலெடுத்துக் கட்டுக்கட்டாக விற்கும் ஜெராக்ஸ் கடைகள், விடுதிகளின் துண்டறிக்கைகள், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே பசியாற்றும் தள்ளுவண்டிகள். அதே தொகுதியைச் சேர்ந்த பேகம்பேட்டில், பைகா அரண்மனையில், 2008 அக்டோபரிலிருந்து 2023 மார்ச் வரை அமெரிக்கத் துணைத் தூதரகம் இயங்கியது. இந்தத் தெருக்களில் படிக்க வரும் பட்டதாரிகளுக்கு எச்-1பி விசாவின் ஆண்டு ஒதுக்கீடு 65,000 என்பதும், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 இடங்கள் உண்டு என்பதும், மார்ச் மாதத்தில் குலுக்கல் நடக்கும் என்பதும் மனப்பாடம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தபோது, அதன் பொருள் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவின் குடியேற்ற விதிகளை அமெரிக்கர்களில் மிகப் பலரைவிடத் துல்லியமாக அறிந்த தெரு ஒன்று தெலங்கானாவில் இருக்கிறது. ஒரு நாட்டின் வலிமையும் பண்பாட்டுச் செல்வாக்கும் கூடக்கூட அந்நாட்டுச் சாதாரணக் குடிமக்களின் உலக அறிவும் கூடும் என்றுதான் நாம் பொதுவாக நம்புகிறோம். இந்தத் தெரு அந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. சாதாரண மக்களுக்கு உலகத்தைக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் தேவைதான். யாரை நம்பிப் பிழைப்பு நடக்கிறதோ அவரைப் பற்றித் தெரிந்துகொள்கிறோம். யாரையும் நம்ப வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும் அறிந்துகொள்ளும் பழக்கம் தளர்கிறது. இந்தியா வலிமை பெற்றுவரும் இந்தக் காலத்தில் இது நம்மைப் பற்றிய கேள்வியும் ஆகிறது.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டில்தான் சீனாவைப் பின்னுக்குத் தள்ளி இந்தியா முதலிடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியாவுக்குப் படிக்க வந்த அமெரிக்க மாணவர்கள் 1,355 பேர். அங்கே போகும் ஒவ்வொரு மாணவரின் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. அக்குடும்பம் கல்விக்கடன் வட்டியையும் டாலர் மதிப்பையும் டெக்சாஸில் வீட்டு வாடகை எவ்வளவு என்பதையும் கற்றுக்கொள்கிறது. 2010க்கும் 2017க்கும் இடையே அமெரிக்காவில் வீட்டில் தெலுங்கு பேசுவோர் எண்ணிக்கை 86 சதவீதம் உயர்ந்தது. அந்நாட்டின் பெரிய மொழிக்குழுக்களில் மிக வேகமாக வளர்ந்தது அதுவே. ஆனால் டெக்சாஸ்காரர் ஒருவர் தம் பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கரா தமிழரா என்று தெரியாமலேயே வாழ்ந்துவிடலாம். அதனால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. அறிவுக்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பதில் தொடங்கும் சமனின்மை இது. வலிமை குறைந்தவர் வலிமையுள்ளவரின் மொழியையும் சட்டத்தையும் பருவகாலத்தையும்கூடப் படித்தாக வேண்டும். மறுபக்கத்திலிருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சனத்நகரின் தொழில் வரலாறு இதையே இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. நிஜாம் ஆட்சியின் பிற்காலத்தில் தொழிற்பேட்டையாக வளர்ந்த பகுதி இது. 1942இல் நிஜாம் அரசின் தொழில் அறக்கட்டளை நிதியும் அல்லாதின் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் உலோகத் தொழிற்சாலை இங்கேதான் பேருந்து உடல்களையும் குளிர்பதனப் பெட்டிகளையும் செய்தது. 1980களில் ஜப்பானின் செய்கோவோடு சேர்ந்து கைக்கடிகாரமும், நிசானோடு சேர்ந்து சிறு சரக்கு வண்டியும் ஆல்வின் பெயரில் வந்தன. பக்கத்துப் பாலாநகரில் சோவியத் உதவியுடன் இந்திய மருந்துகள் நிறுவனத்தின் செயற்கை மருந்து ஆலை எழுந்தது. 1961இல் உருவான அந்த நிறுவனத்தின் நுண்ணுயிர்க்கொல்லி ஆலை ரிஷிகேஷிலும், அறுவைக் கருவி ஆலை சென்னையிலும் அமைந்தன. 1969 முதல் சில ஆண்டுகள் அந்த ஹைதராபாத் ஆலையில் பணியாற்றிய அஞ்சி ரெட்டிதான் 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நகரைச் சுற்றி நிற்கும் மருந்துத் தொழிலின் வேர்களில் ஒன்று பாலாநகரில் இருக்கிறது. ஆலைகளோடு மொழியும் புத்தகமும் வந்தன. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட தமிழ், தெலுங்கு நூல்கள், தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாகவும் தெலுங்கு நாட்டில் விசாலாந்திரா வழியாகவும் சில ரூபாய்க்குக் கிடைத்தன. மாஸ்கோவிலேயே தங்கி ருஷ்ய மொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த பூ. சோமசுந்தரம் போன்ற மொழிபெயர்ப்பாளர்களால், பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களும் டால்ஸ்டாயையும் செகாவையும் படிக்க முடிந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, புத்தகங்கள் நின்றன. அதன் பிறகு எழுதப்பட்ட ருஷ்ய இலக்கியத்தில் எத்தனை நூல்கள் தமிழுக்கு வந்தன என்று தேடினால் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். உறவு அறுந்ததும் அறிவும் அறுந்தது. அந்த அறிவும் ஒருபக்க அறிவாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீட்டர்ஸ்பர்க் தெருக்களின் பெயர் தெரிந்த வாசகருக்கு, ஸ்டாலின் காலத்துத் தடுப்பு முகாம்களைப் பற்றி அந்தப் பதிப்பகங்கள் எதையும் சொல்லவில்லை.

வலிமையின் உச்சியில் இருக்கும் நாட்டின் குடிமக்கள் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த நாட்டு ஆய்வுகளே சான்று தருகின்றன. 2006இல் நேஷனல் ஜியாக்ரபிக் நடத்திய ஆய்வில் 18 முதல் 24 வயது வரையிலான அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேரால் வரைபடத்தில் இராக்கைக் காட்ட முடியவில்லை. அவர்களுடைய நாட்டுப் படை இராக்கில் நுழைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் நடத்திய கருத்துக்கணிப்பில், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாம் உசேனுக்கு நேரடிப் பங்கு இருந்திருக்கக்கூடும் என்று 69 சதவீதம் பேர் கருதினார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. 2014இல், கிரீமியாவை ருஷ்யா கைப்பற்றியபோது, கைல் டிராப், ஜோஷுவா கெர்ட்சர், தாமஸ் சைட்சாஃப் என்ற மூன்று அரசியல் அறிஞர்கள் 2,066 அமெரிக்கர்களிடம் உலக வரைபடத்தில் உக்ரைனைத் தொட்டுக்காட்டச் சொன்னார்கள். சரியாகக் காட்டியவர்கள் ஆறில் ஒருவர்தான். அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இன்னொன்று: உண்மையான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தொட்டார்களோ அவ்வளவுக்கு, அங்கே அமெரிக்கப் படையை அனுப்ப வேண்டும் என்ற விருப்பம் அவர்களிடம் கூடியிருந்தது. அறியாமை அமைதியாக ஓரமாக உட்கார்ந்திருப்பதில்லை என்பதை இந்த ஆய்வு சுட்டிக்காட்டுகிறது. படையெடுக்கும் ஆற்றலும் வாக்குரிமையும் உள்ள மக்களிடம் அது முடிவெடுக்கிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் வலிமையுள்ள நாடுகளில்தானே இருக்கின்றன. வலிமை அறிவை வளர்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஹைதராபாத்தே இதற்கும் களமாக இருந்திருக்கிறது. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் 1950களிலிருந்து இந்தியாவுக்குக் கோதுமை வந்தது. அதற்கான விலையை நாம் ரூபாயில் செலுத்தினோம். அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்த அந்த ரூபாய் இரண்டு வழிகளில் அறிவாக மாறியது. 1964இல் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்கக் கல்வி ஆய்வு மையம் எழுந்து, இந்திய ஆசிரியர்கள் அமெரிக்க இலக்கியமும் வரலாறும் படிக்கும் பெரிய நூலகமாக வளர்ந்தது. மறுபுறம் 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழ் நூல்களும் தெலுங்கு நூல்களும் சிகாகோவுக்குப் போனது அப்படித்தான். ஸ்புட்னிக் ஏவப்பட்ட அதிர்ச்சியில் 1958இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அங்கே அயல்மொழித் துறைகளுக்குப் பணம் தந்தது, ஏ.கே. ராமானுஜன் சிகாகோவிலிருந்து சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த காலம் அது. ஆகவே வலிமையுள்ள நாடு உலகத்தைப் படிக்கவில்லை என்பது என் வாதமன்று. அது நிபுணர்கள் வழியாகப் படிக்கிறது. அந்த அறிவு பல்கலைக்கழகத்தின் மதிலைத் தாண்டி வாக்காளரிடம் வந்துசேர்வதில்லை. 2003இல் இராக்கைப் பற்றி எச்சரித்த மத்திய கிழக்கு அறிஞர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள், அவர்களுடைய சொல் எடுபடவில்லை. வலிமை குறைந்த நாட்டில் நிலைமை தலைகீழ். அங்கே நிபுணர்கள் குறைவு. ஆனால் சாதாரண மக்கள் பிழைப்புக்காகவே பிற நாடுகளை ஓரளவு அறிந்திருக்கிறார்கள். இரண்டு வகை அறிவும் வெவ்வேறு. இவற்றை ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு நாட்டின் நூலகங்களைக் கண்டு அதன் குடிமக்களையும் அறிந்தவர்கள் என்று நினைத்துவிடுகிறோம்.

மருந்துத் தொழில் இந்த இரு வகைகளையும் ஒரே சங்கிலியில் காட்டுகிறது. அமெரிக்காவில் மருத்துவர் எழுதும் பத்து மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ ஒன்பது, காப்புரிமை முடிந்த மருந்துகளுக்கானவை. அவற்றில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து, அதிலும் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்து போகிறது. ஜீடிமெட்லாவிலோ பொல்லாரத்திலோ ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவருக்கு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர் எதைக் கேட்பார், எந்தப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது, ‘483’ என்ற எண் கொண்ட குறைபாட்டுப் படிவம் வந்தால் ஆலைக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியும். அந்த மாத்திரையை ஒஹாயோவில் விழுங்குபவருக்கு அது வந்த ஊரின் பெயர் தெரியாது. 2007இல் வெளியான ஆய்வொன்றுக்காக ஸ்வீடன் ஆய்வாளர் யோக்கிம் லார்சனும் அவருடைய சகாக்களும், படான்செருவில் மருந்து ஆலைக் கழிவுகளைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளிவரும் நீரைச் சோதித்தார்கள். அதில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்தது. அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவையும் மிஞ்சிய அளவு அது. மலிவான மாத்திரையின் உண்மையான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அதை வாங்கும் நாட்டின் குடிமக்கள் அறிந்திருந்தால் கொள்முதல் விதிகள் வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். வலிமையுள்ளவரின் அறியாமைக்கு மற்றவர்கள் தங்கள் நீரையும் நிலத்தையும் விலையாகக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்து வரும்: காரணம் வலிமையன்று, ஊடகம். ஜேம்ஸ் கரனும் சாந்தோ ஐயங்காரும் இரு நார்டிக் அறிஞர்களும் அமெரிக்கா, பிரிட்டன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கபலம். உலக நடப்புக் கேள்விகளில் அமெரிக்கர்கள் கடைசியாகவும் நார்டிக் மக்கள் முன்னணியிலும் இருந்தார்கள். பொதுத்துறைத் தொலைக்காட்சி வலுவாக உள்ள நாடுகளில், மக்கள் அதிகம் பார்க்கும் மாலை நேரத்தில் வெளிநாட்டுச் செய்தி ஒளிபரப்பாகிறது. விளம்பரத்தை நம்பிய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதற்கு இடம் குறைவு. படித்தவருக்கும் படிப்புக் குறைந்தவருக்கும் இடையிலான இடைவெளியும் நார்டிக் நாடுகளில் சிறியது, அமெரிக்காவில் பெரியது. இந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதுவே என் வாதத்தின் அடுத்த படியாகவும் இருக்கிறது. தேவை மட்டுமே உலகத்தைக் கற்றுக்கொடுக்கும் ஒரே ஆசிரியர் என்றால் பின்லாந்தின் கடைநிலை ஊழியருக்கு அத்தனை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேவை இல்லாத இடத்திலும் ஒரு நிறுவனம் முயன்றால் அறிவைக் கொண்டுசேர்க்கலாம். அப்படியொரு நிறுவனம் இல்லாதபோது தேவைதான் மிஞ்சுகிறது. தேவை கற்பிக்கும் பாடமோ எப்போதும் குறுகலானது. டெக்சாஸின் வாடகை தெரிந்த குடும்பத்துக்கு அதே அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக நடத்திய போராட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் போராட்டத்தின் பயனாக வந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம்தான் இந்தியர்களுக்குக் கதவைத் திறந்தது என்பதையும் அமீர்பேட்டின் எந்த வகுப்பும் சொல்லித்தருவதில்லை.

பண்பாட்டுச் செல்வாக்கு இந்தக் குறையை நிரப்பிவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. ஜோசப் நை 1990இல் ‘மென்வலிமை’ என்ற கருத்தை முன்வைத்ததிலிருந்து அரசுகள் திரைப்படத்தையும் யோகாவையும் உணவையும் அயலுறவின் கருவிகளாகக் கணக்கிடத் தொடங்கிவிட்டன. ஹைதராபாத்திலிருந்து போன ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடலுக்கு 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது கிடைத்தது. ஜப்பானில் அந்தப் படம், 1998இல் ரஜினிகாந்தின் ‘முத்து’ நிறுவிய வசூல் சாதனையை முறியடித்தது. இந்த வெற்றியில் எனக்கும் மகிழ்ச்சியுண்டு. ஆனால் அது எதைக் கொண்டுசேர்த்தது என்று பார்க்க வேண்டும். படத்தின் நாயகர்களில் ஒருவருக்கு மூலமான கொமரம் பீம், ஆதிலாபாத் காடுகளில் கோண்டு மக்களைத் திரட்டி நிஜாம் ஆட்சியை எதிர்த்து 1940இல் ஜோடேகாட்டில் கொல்லப்பட்டவர். படத்தில் அவர் டெல்லியில் ஆங்கிலேய ஆளுநரை எதிர்க்கிறார். கோண்டு மக்களின் நில உரிமைப் போராட்டத்தைப் பற்றி டோக்கியோ ரசிகர் இந்தப் படத்திலிருந்து எதையும் அறிய முடியாது. பெரும்பாலான இந்திய ரசிகர்களும் அறியவில்லை. அந்தப் பாடல் 2021 ஆகஸ்டில் படமாக்கப்பட்டது கீவ் நகரின் மரீன்ஸ்கி அரண்மனை முன்னால். அது உக்ரைன் அதிபரின் அரசுமுறை மாளிகை. ஆறு மாதம் கழித்து அந்நகரின்மீது ஏவுகணைகள் விழுந்தன. நீலமும் வெள்ளையுமான அந்த முகப்பைத் திரையரங்கில் கண்டு ஆரவாரித்தவர்களில் அது எந்த ஊர் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. உக்ரைனை நமக்குக் கற்றுக்கொடுத்தது அங்கே மருத்துவம் படித்த பிள்ளைகள்தான். கார்கிவ், சுமி, லிவிவ் என்ற பெயர்களைத் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் அறிந்தது, 2022 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏறத்தாழ 22,500 இந்தியர்கள் அங்கிருந்து தப்பி வந்தபோது. கைதட்டல் ஒரு நாட்டின்மேல் விருப்பத்தை உண்டாக்கும்; அந்நாட்டைப் புரிந்துகொள்ளும் வேலையை அது செய்யாது.

நாமும் கைதட்டலைத்தான் எண்ணுகிறோம். 1893 பிப்ரவரியில் செகந்திராபாத்தின் மகபூப் கல்லூரியில் விவேகானந்தர், தாம் ஏன் மேற்குக்குப் போகிறார் என்பதைப் பற்றிப் பேசினார். அதே ஆண்டு சிகாகோவில் அவர் பெற்ற கரவொலி இன்றும் நம் பாடநூல்களில் இருக்கிறது. அமெரிக்காவில் அவர் கவனித்து எழுதியவை, குறிப்பாக அங்குள்ள பெண்கல்வியையும் தொழில் அமைப்பையும் பற்றி அவர் எழுதிய கடிதங்கள், அந்த அளவுக்கு வாசிக்கப்படுவதில்லை. நம்மைப் பிறர் எப்படிக் கண்டார்கள் என்பதில் இருக்கும் ஆர்வம், நாம் பிறரை எப்படிக் கண்டோம் என்பதில் இல்லை. 2023இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வில், உலகில் இந்தியாவின் செல்வாக்கு அண்மையில் உயர்ந்திருப்பதாக இந்தியர்களில் 68 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்ற 19 நாடுகளில் அப்படிச் சொன்னவர்களின் நடுமதிப்பு 28 சதவீதம். வலிமை வளரும்போது முதலில் வீங்குவது தன்னைப் பற்றிய எண்ணம்தான் என்பதற்கு இது ஓர் அறிகுறி. ஆஸ்திரேலியாவின் லோவி நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆசிய வலிமைப் பட்டியலில் இந்தியா ஜப்பானைத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்ததும் உண்மை. அப்படியானால் நம் அண்டை நாடுகளின் கண்ணில் நாம் இப்போது யார்? நேபாளியருக்கு நாம் வலிமையுள்ள பக்கம். இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் 2021-22இல் படித்த 46,878 வெளிநாட்டு மாணவர்களில் 28 சதவீதம் பேர் நேபாளிகள். நம் நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரவுக் காவல் இருப்பவர்களிலும் நேபாளிகள் பலர். அவர்கள் நம் மொழியில் பேசுகிறார்கள், நம் திரைப்பாடல்களை அறிவார்கள், நம் தேர்தல் முடிவுகளைக் கவனிக்கிறார்கள். 2015 செப்டம்பரிலிருந்து பல மாதங்கள் எல்லையில் லாரிகள் நின்று நேபாளத்தில் சமையல் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. இந்தியா தடை விதிக்கவில்லை என்றும், தெற்கு நேபாளத்து மதேசிகளின் போராட்டமே காரணம் என்றும் நம் அரசு சொன்னது; நேபாள மக்களில் மிகப் பலர் அதை இந்தியாவின் முற்றுகையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எது சரி என்று வாதிடும் முன், அப்படி ஒன்று நடந்ததே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இராக்கை வரைபடத்தில் காட்டத் தெரியாத அமெரிக்க இளைஞரின் இடத்துக்கு நாம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறோம். தமிழர்களும் இதற்கு விலக்கல்லர். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரம் வென்றதை மேடைதோறும் சொல்கிறோம். அந்தக் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம் என்பதையோ, அந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் என்ன நெருக்கடியில் நடக்கின்றன என்பதையோ மேடைகளில் கேட்பது அரிது. இருபது கல் தொலைவுக் கடலுக்கு அப்பால் இருக்கும் பெரும்பான்மை மக்களின் மொழியான சிங்களத்தைக் கற்பிக்கும் துறையைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

உழைத்துப் பிழைக்கும் மக்களுக்கு இந்த அறிவெல்லாம் எதற்கு, அயலுறவைப் பார்த்துக்கொள்ள அரசு இருக்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. அன்றாடம் காய்ச்சிகளின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறோமோ என்ற கரிசனம் இதில் இருப்பதால் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களின்மேல் அமெரிக்கா 50 சதவீத வரியை நடைமுறைப்படுத்தியபோது முதலில் அடிபட்டவற்றில் திருப்பூர்ப் பின்னலாடையும் ஒன்று. ருஷ்யாவிடமிருந்து நாம் வாங்கும் கச்சா எண்ணெய் அந்த வரியின் பாதிக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. எண்ணெய் வாங்கும் முடிவில் தையல் தொழிலாளிக்குப் பங்கில்லை. வேலை போவதில் முதல் பங்கு அவருக்கு. 2024 மார்ச்சில் ருஷ்யப் படையில் இருந்த ஹைதராபாத் இளைஞர் ஒருவர் உக்ரைன் போர்முனையில் இறந்ததை மாஸ்கோவிலுள்ள இந்தியத் தூதரகம் உறுதிசெய்தது. உதவியாளர் வேலை, நல்ல சம்பளம் என்று முகவர்கள் ஆசைகாட்டி அழைத்துப்போனவர்கள் பலர். இதன் பேரில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. அந்த இளைஞர்களிடமும் கைப்பேசி இருந்தது, இணையம் இருந்தது. இணையம் வந்தபின் அறியாமைக்கு இடமில்லை என்று சொல்பவர்கள் இந்த மரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கைப்பேசி நாம் கேட்டதைத் தரும். ஏற்கெனவே பார்த்ததைப் போன்ற ஒன்றை மீண்டும் தரும். கேட்கத் தெரியாத கேள்விக்கு அது தானாகப் பதில் சொல்லாது. போர் நடக்கும் நாட்டில் உதவியாளர் வேலை என்றால் என்ன பொருள் என்ற கேள்வி எழுவதற்கே ஓரளவு முன்னறிவு வேண்டும். அந்த முன்னறிவு பள்ளியிலும் தாய்மொழிச் செய்தித்தாளிலும்தான் உருவாக வேண்டும்.

அதற்கு முன்மாதிரி வெளிநாட்டில் மட்டுமில்லை. 1917இல் ஹைதராபாத் அரசு ஒரு மொழிபெயர்ப்புத் துறையை நிறுவியது. மறு ஆண்டு தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவில் பாடம் நடத்துவதற்காக, மருத்துவம், சட்டம், வரலாறு, அறிவியல் என்று நூற்றுக்கணக்கான நூல்களை அத்துறை உருதுவுக்குக் கொண்டுவந்தது. மன்னராட்சியின் முயற்சி என்பதும், பெரும்பான்மை மக்களின் தெலுங்கு, மராத்தி, கன்னட மொழிகளை அது ஒதுக்கியது என்பதும் அதன் குறைகள். என்றாலும் உலக அறிவை இந்திய மொழியில் தருவது அரசின் கடமை என்று செயலில் காட்டியது அது. சுதந்திரத்துக்குப் பின் தமிழில் அந்தக் கடமையை ஏற்றது தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அன்று நம்மிடம் பணம் இல்லை, வலிமை இல்லை. கோதுமைக்கே கையேந்திய நாடு. இன்று தமிழ், தெலுங்கு நாளிதழ்களின் உலகப் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலச் செய்தி முகமைகளிலிருந்து எடுத்து மொழிபெயர்த்தது. லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ பார்த்தால் காட்மாண்டு எப்படித் தெரியுமோ அப்படித்தான் நமக்கும் தெரிகிறது. அண்டை நாட்டுத் தலைநகர் ஒன்றில் ஒரு நிருபரை வைத்திருக்க, கோடிக்கணக்கான வாசகர்களைக் கொண்ட நாளிதழ்களால் முடியாதது அன்று.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களையும், பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களையும், நாளிதழ் ஆசிரியர்களையும் நோக்கியே இதைச் சொல்கிறேன். நேபாளம், வங்கதேசம், மியான்மர், இலங்கை ஆகிய நாடுகளின் கடந்த ஐம்பது ஆண்டு வரலாற்றைப் பத்தாம் வகுப்புக்குள் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது படிக்க வகைசெய்யுங்கள். சிங்களமும் நேபாளியும் பர்மியமும் கற்பிக்கும் துறைகளைத் தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களில் தொடங்குங்கள். அமெரிக்கக் குடியேற்ற விதியைத் தானே தேடிக் கற்ற அமீர்பேட் மாணவருக்கு இவற்றைக் கற்கும் ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்குக் கற்பிக்க ஒரு வகுப்பறைதான் இல்லை.